சத்தம் கேட்டு வண்டி வாங்காதீர்கள்

பழைய யமஹா ஒன்று விலைக்கு வந்திருக்கிறது என்று தெரிந்தால் போதும், புதுச்சேரியில் முத்தியால்பேட்டையிலிருந்து அரியாங்குப்பம் வரை பையன்கள் கிளம்பிவிடுகிறார்கள். வண்டியைப் பார்த்ததும் செய்கிற முதல் வேலை, கிக்கரை உதைத்து ஸ்டார்ட் செய்து, ஆக்ஸிலேட்டரை முறுக்கிச் சத்தம் கேட்பது. அடுத்து புகையின் நிறம். அப்புறம் டேங்க் ஒரிஜினலா, மீட்டர் ஒரிஜினலா என்ற விசாரணை. பிறகு பேரம். முன் பிரேக்கைப் பிடித்துக்கொண்டு ஹேண்டிலை ஒரு தரம் அமுக்கிப் பார்க்கிறவரை அபூர்வமாகத்தான் பார்க்கிறேன். பின் சக்கரத்தைப் பக்கவாட்டில் ஆட்டிப் பார்க்கிறவர் அதைவிட அபூர்வம்.

பழைய ஸ்போர்ட்ஸ் பைக்கின் அருமை எஞ்சினில் பாதிதான். அது எப்படித் திரும்புகிறது, பள்ளத்தில் இறங்கி ஏறியதும் எவ்வளவு சீக்கிரம் நிதானத்துக்கு வருகிறது என்பதில்தான் மறுபாதி இருக்கிறது. ஆபத்தான நேரத்தில் உயிரைக் காப்பதும் அந்த மறுபாதியே. நம் ஊரிலோ முதலில் கெட்டுப்போவதும், கடைசியில் ரிப்பேர் ஆவதும் அதுவாகவே இருக்கிறது.

நான் இன்ஜினியர் இல்லை. மருந்து கம்பெனி ரெப்பாக வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். எண்பதுகளின் கடைசியில் வேலைக்குச் சேர்ந்த நாள் முதல் மேற்கே வில்லியனூர், கண்டமங்கலம் வழியாக விழுப்புரம், வடக்கே திண்டிவனம், தெற்கே கடலூர், சிதம்பரம் என்று பைக்கிலேயே வாழ்க்கை ஓடியது. பின் சீட்டில் கட்டிய பையில் இருமல் சிரப் சாம்பிள்கள் இருக்கும். அன்றைக்கு அவையெல்லாம் கண்ணாடி பாட்டில்கள். எந்த வண்டியில் கட்டினால் பாட்டில் உடையாமல் டாக்டர் மேஜைக்குப் போய்ச் சேரும் என்பது ரெப்களுக்குள் தீராத விவாதம். சஸ்பென்ஷன் பற்றி நான் கற்றதெல்லாம் அந்தப் பையிடமிருந்துதான்.

மலை இல்லாத ஊரில் எதற்கு?

“நம்ம ஊர்ல என்ன சார், கொடைக்கானல் வளைவா இருக்கு? ஹேண்டலிங் எதுக்கு?” என்று இளைஞர்கள் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. புதுச்சேரியின் பழைய நகரம் கட்டம் போட்ட ஊர். துய்மா வீதியானாலும் மிஷன் வீதியானாலும் நேராகப் போகும், செங்குத்தாகத் திரும்பும். உடம்பைச் சாய்த்து வளைகிற வளைவு என்று ஒன்று பெரிய கால்வாய்க்கு அந்தப் பக்கமும் கிடையாது, இந்தப் பக்கமும் கிடையாது.

ஆனால் ஹேண்டலிங் என்பது சாய்ந்து வளைவது மட்டும் என்று யார் சொன்னது? வாடகை ஸ்கூட்டரில் வந்த சுற்றுலாப் பயணி படம் எடுக்கத் திடீரென்று நின்றுவிட்டால் விலகத் தெரிய வேண்டும். வெள்ளைக் கோடு அழிந்துபோன வேகத்தடை இரவில் பத்தடி முன்னால் கண்ணில் படும். அதில் ஏறி இறங்கியும் வண்டி கைவிட்டுப் போகக் கூடாது. ஏஎஃப்டி ரயில்வே கேட்டில் தண்டவாளத்தைக் கடக்கும்போது முன் சக்கரம் ஒரு பக்கமும் பின் சக்கரம் ஒரு பக்கமும் போகக் கூடாது. பாகூர் பக்கம் அறுவடை நாளில் பாதிச் சாலையில் நெல் காயும். குயிலாப்பாளையத்தில் மழைக்குப் பிறகு செம்மண் வழிந்து சாலையில் படிந்திருக்கும். மரக்காணம் உப்பளத்துக்குப் பக்கத்தில் தடுக்க ஒரு மரமும் இல்லாமல் கடல் காற்று விலாவில் அறையும். இந்த இடங்களில் எல்லாம் நம்மைக் காப்பது குதிரை சக்தி அன்று. ஃபிரேம், ஃபோர்க், ஷாக் அப்சார்பர், டயர் ஆகிய நான்கும்தான்.

நான் ஓட்டியும், உடன் வந்தவர்கள் ஓட்டப் பார்த்தும் அறிந்த வண்டிகளை இந்தக் கணக்கில்தான் ஒப்பிடுகிறேன். 2012 ஜனவரியில் கேடிஎம் டியூக் 200 வந்ததோடு இந்தியச் சாலையில் இன்னொரு யுகம் தொடங்கிவிட்டது. அதற்கு முந்தியவையே இங்கே பேச்சு.

புல்லட்டும் ஆர்எக்ஸும்: இரு துருவங்கள்

ஒரு பைக்கின் குணத்தைச் சொல்ல எனக்குப் பிடித்த ஒரே எண் வீல்பேஸ். அதாவது முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடையிலுள்ள தூரம். பழைய புல்லட்டுக்கு 1,370 மில்லிமீட்டர். யமஹா ஆர்எக்ஸ் 100-க்கு 1,240. வித்தியாசம் ஒரு சாண்கூட இல்லை. அந்த ஒரு சாணுக்குள் இரண்டு உலகங்கள் இருக்கின்றன.

எங்கள் தெருவில் பிரெஞ்சு ராணுவத்தில் பென்ஷன் வாங்கிய சொல்தா மாமா ஒருவர் புல்லட் வைத்திருந்தார். அதை ஓட்டிப் பழகியவர்களுக்குத் தெரியும்: 19 அங்குலச் சக்கரமும் கனமும் சேர்ந்து, திண்டிவனம் சாலையில் அதை நேர்க்கோட்டிலிருந்து விலக்குவதே பாடு. அதே வண்டியை வெள்ளையர் நகரத்தின் சந்திப்பில் திருப்ப, இரண்டு கடைக்கு முன்பிருந்தே மனத்தில் திட்டம் போட வேண்டும். இன்றைக்குப் புல்லட்டை மாட்டு வண்டி என்று கேலி செய்கிறவர்களுக்கு ஒரு தகவல். பின் சக்கரத்தை ஸ்விங் ஆர்மில் தொங்கவிட்டு இரண்டு பக்கமும் ஷாக் வைப்பது 1940-களின் இறுதியில் புரட்சி. பெரும்பாலான பைக்குகளின் பின் சக்கரம் அசையாமல் ஃபிரேமோடு பிணைந்திருந்த காலத்தில், அந்தப் புரட்சியைச் சாலைக்குக் கொண்டுவந்த முதல் சில வண்டிகளில் புல்லட்டும் ஒன்று. 1955-ல் என்ஃபீல்டு இந்தியா உருவாகி, சென்னைக்கு வடக்கே திருவொற்றியூரில் அந்த வண்டியைச் செய்யத் தொடங்கியது. ஒரு காலத்து முன்னோடியைத்தான் நாம் பல பத்தாண்டுகளாகப் பெரிய மாற்றமில்லாமல் ஓட்டினோம்.

ஆர்எக்ஸ் 100, 1985 நவம்பரில் வந்தது. 1996 மார்ச்சில் நின்றது. 98 சிசி, 11 குதிரை சக்தி, எடை ஏறத்தாழ 100 கிலோ. சத்தமும் பிக்கப்பும் அதற்குப் பெயர் வாங்கிக் கொடுத்தன. நேரு வீதியில் காய்கறிக்காரர், சைக்கிள், டெம்போ நடுவில் நுழைந்து போகிறவனுக்கோ அதன் உண்மையான அருமை வேறு. குட்டை வீல்பேஸ், குறைந்த கனம், முன்னால் 2.50, பின்னால் 2.75 அளவிலான ஒல்லி டயர்கள். நினைத்த மாத்திரத்தில் திரும்பும். பின் ஷாக்கின் அடியில் சுழற்றி ஏற்றி இறக்குகிற படிகள் உண்டு. ஒருவர் போனால் கீழ்ப்படி, பின்னால் ஆள் ஏறினால் மேல்படி. ஆர்எக்ஸ் வைத்திருக்கிறவர்களில் பாதிப் பேராவது அந்தப் படியைத் தொட்டிருப்பார்களா என்பது சந்தேகம்தான். என் சாம்பிள் பாட்டில்கள் அந்தப் படியில்தான் பிழைத்தன.

அந்தச் சுறுசுறுப்புக்கு ஒரு விலை உண்டு. மரக்காணம் பாலத்தைத் தாண்டினால் காற்று ஆர்எக்ஸைச் சாலையின் அந்த ஓரத்துக்கு நகர்த்தும். அறுபதுக்கு மேல் போகும்போது குறுக்கே வரும் ஒட்டுப்போட்ட தார், ஹேண்டிலில் உடனே தெரியும். பிரேக்கும் 130 மி.மீ. டிரம்தான். நகரத்துக்கு அரசன், நெடுஞ்சாலைக்கு விருந்தாளி என்பது என் தீர்ப்பு.

ஆர்டி 350: பெயர் கெட்ட காரணம்

ராஜ்தூத் 350 பற்றிச் சொல்லாமல் இந்தப் பேச்சு முடியாது. யமஹா ஆர்டி 350-ஐ எஸ்கார்ட்ஸ் நிறுவனம் 1983-ல் இந்தியாவில் கொண்டுவந்தது. 347 சிசி, இரட்டைச் சிலிண்டர், ஆறு கியர். முதலில் வந்த ஹை டார்க் வண்டி 30.5 குதிரை சக்தி. மைலேஜுக்காகப் பின்னர் அடக்கப்பட்ட லோ டார்க் 27. அந்த நாளில் நம் சாலையில் ஓடிய அம்பாசடர் காரோடு வைத்துப் பார்த்தால் இது எப்பேர்ப்பட்ட வேகம் என்று விளங்கும்.

ஆர்டி என்றால் ஆள்கொல்லி என்ற பெயர் இன்றும் நிற்கிறது. அந்த வண்டியின் ஃபிரேமை யாரும் குறை சொல்ல முடியாது. யமஹாவின் பந்தய வண்டிகளோடு உறவுடைய வம்சம் அது. வெளிநாட்டில் முன் சக்கரத்தில் டிஸ்க் பிரேக்கோடு விற்ற வண்டியை, இங்கே விலையைக் குறைக்க டிரம் பிரேக்கோடு விற்றதில்தான் வில்லங்கம். அப்போதைய நம் டயர்களும், சாலைகளும், எழுபதைத் தாண்டிப் பழகாத கைகளும் அதோடு சேர்ந்துகொண்டன. ஒரு வண்டியின் ஹேண்டலிங் என்பது தனியாக நிற்கும் குணம் கிடையாது. எஞ்சின் கொடுக்கிற வேகத்தை பிரேக்கும் ஃபோர்க்கும் டயரும் தாங்குமா என்ற கணக்கு. ஆர்டியில் அந்தக் கணக்கு தப்பியது. சோழவரத்தில் இரண்டாம் உலகப் போர்க்கால விமான ஓடுதளத்தில் பந்தயம் ஓடிய வீரர்களுக்கு அந்தக் கணக்கு தெரியும்; தெருவில் ஓட்டியவர்களில் பலருக்குத் தெரியாது.

அதே காலத்து யெஸ்டி ரோட்கிங் மைசூரில் பிறந்த 250 சிசி வண்டி. கரடுமுரடான கிராமச் சாலையில் அதன் உறுதிக்கு ஈடு கிடையாது. சுறுசுறுப்பை அதனிடம் எதிர்பார்ப்பது தப்பு. 108 சிசியில் 14 குதிரை சக்தி காட்டிய சுசுகி ஷோகன் எஞ்சினுக்காக நினைக்கப்பட வேண்டிய வண்டி. திரும்புகிற விஷயத்தில் ஆர்எக்ஸை அது மிஞ்சவில்லை என்பது என் கட்சி. ஷோகன் ரசிகர்கள் சண்டைக்கு வரலாம்.

டிஸ்க் வந்தது, ஃபோர்க்குக்கு வேலை வந்தது

1999-ல் ஹீரோ ஹோண்டா சிபிஸி வந்தபோது எங்கள் ரெப் கூட்டத்தில் பாதிப் பேர் மாறினோம். 156 சிசி நான்கு ஸ்ட்ரோக், முன்னால் 240 மி.மீ. டிஸ்க். அதுவரை பிரேக் அடித்தால் வண்டி யோசித்து நிற்கும். இதில் உடனே நின்றது. அப்போதுதான் ஃபோர்க் என்ற உறுப்பே பலருக்கு ஞாபகம் வந்தது. பலமான பிரேக் அடித்தால் வண்டியின் கனம் முழுக்க முன்னால் சாயும், ஃபோர்க் அமுங்கும். அமுங்கும்போது முன் சக்கரத்தின் சாய்வுக் கோணம் நிமிர்ந்து ஹேண்டில் கூர்மையாகிவிடும். ஃபோர்க்குக்குள் இருக்கிற எண்ணெய் நல்ல நிலையில் இருந்தால் இது அளவோடு நடக்கும். எண்ணெய் செத்திருந்தால் ஒரே குத்தாகக் கீழே போய், அதே வேகத்தில் மேலே துள்ளும். டிஸ்க் பிரேக் வாங்கியவர்கள் ஃபோர்க் எண்ணெய்க்கும் சேர்த்துப் பொறுப்பேற்றார்கள்; பெரும்பாலோருக்கு அது தெரியவில்லை.

2001-ல் வந்த பல்சர் 2005-ல்தான் என் கண்ணில் முழு வண்டியானது. 18 அங்குலச் சக்கரத்திலிருந்து 17 அங்குல அலாய் சக்கரத்துக்கு இறங்கியது, பின்னால் காஸ் நிரப்பிய ஷாக் வந்தது. சக்கரத்தின் விட்டம் சிறிதானதில் வண்டி தாழ்ந்து, திரும்புவதில் தயக்கம் குறைந்தது.

2003-ல் வந்த கரிஸ்மாவின் வீல்பேஸ் 1,355 மி.மீ. கிட்டத்தட்ட புல்லட்டின் நீளம். 223 சிசி, முன்னால் அரை ஃபேரிங். அந்த நேரத்தில்தான் சென்னைக்குப் போகும் கிழக்குக் கடற்கரைச் சாலை சுங்கச் சாலையாகத் திருந்தியிருந்தது. கோட்டக்குப்பம் தாண்டி காலாப்பட்டு, மரக்காணம், கூவத்தூர், கல்பாக்கம் என்று போகும்போது அந்தச் சாலைக்காகவே செய்த வண்டி போலிருக்கும். உப்பளக் காற்றை அது சட்டை செய்யாது. நகருக்குள் வந்தால் அதுவே சுமை. 18 அங்குலச் சக்கரமும் நீளமும் சேர்ந்து, பாரதி வீதிச் சந்திப்பில் புல்லட்டின் தம்பி என்று காட்டிக்கொடுத்துவிடும்.

ஓசூரிலிருந்து வந்த அப்பாச்சி ஆர்டிஆர் 160 இதற்கு எதிர்முனை. டிவிஎஸ் நிறுவனத்தின் பந்தயப் பிரிவு 1982 முதல் இயங்குகிறது. அந்த அனுபவம் 2007-ல் இந்த வண்டியில் தெரிந்தது. வீல்பேஸ் 1,300 மி.மீ., 270 மி.மீ. டிஸ்க், இரண்டு துண்டாகத் தாழ்த்திய ஹேண்டில், விறைப்பான ஷாக். என் மகள் காலாப்பட்டில் பல்கலைக்கழகத்தில் படித்தபோது இதைத்தான் ஓட்டினாள். சொன்ன இடத்தில் திரும்பும், சொன்ன இடத்தில் நிற்கும். பாட்டில் பையைக் கட்டிக்கொண்டு லாஸ்பேட்டை வேகத்தடைகளில் ஏறச் சொன்னால் மட்டும் மறுத்துவிடுவேன். விறைப்பான சஸ்பென்ஷன் சமதளச் சாலைக்கு வரம், நம் உட்சாலைகளுக்குச் சோதனை.

ஆர்15: இந்தியச் சாலைக்கு வந்த பாடம்

2008-ல் யமஹா ஆர்15 வந்தது. 150 சிசி, தண்ணீர் குளிரூட்டல், 17 குதிரை சக்தி. இவை விளம்பரத்தில் வந்த செய்திகள். விளம்பரத்தில் அவ்வளவாகப் பேசப்படாத இரண்டு விஷயங்கள் முக்கியம். ஒன்று டெல்டாபாக்ஸ் ஃபிரேம். ஹேண்டில் தலையிலிருந்து ஸ்விங் ஆர்ம் பொருந்தும் இடம் வரை இரண்டு பக்கமும் நேராகப் போகும் கனமான சட்டங்கள். 1980-களின் தொடக்கத்தில் ஸ்பெயின் நாட்டு வடிவமைப்பாளர் அந்தோனியோ கோபாஸ் போன்றவர்கள் பந்தய வண்டிகளில் கொண்டுவந்த யோசனை. அங்கே அலுமினியம், இங்கே விலைக்காக இரும்பு. வண்டியை எவ்வளவு வேகமாகத் திருப்பினாலும் முன்சக்கரமும் பின்சக்கரமும் ஒரே கோட்டில் இருக்கும். நடுவில் ஃபிரேம் முறுக்காது.

இரண்டாவது, இரண்டு பக்க ஷாக்குக்குப் பதில் நடுவில் ஒற்றை ஷாக். இதற்கொரு கதை உண்டு. பெல்ஜியத்து இன்ஜினியர் லூசியன் தில்கன்ஸ் கண்டுபிடித்த இந்த முறையை யமஹா விலைக்கு வாங்கியது. அதை வைத்துச் செய்த மோட்டோகிராஸ் வண்டியில் ஸ்வீடன் வீரர் ஹாக்கன் ஆண்டர்சன் 1973-ல் 250 சிசி உலகப் பட்டம் வென்றார். ஆர்15-ல் இந்த ஷாக் இணைப்புக் கம்பிகளின் வழியே வேலை செய்கிறது. சின்ன மேடு வந்தால் இளகி இடம் கொடுக்கும், பெரிய பள்ளத்தில் விழும்போது இறுகித் தாங்கும். பட்டம் வாங்கிக் கொடுத்த உத்தி ஆர்15-க்கு வர 35 ஆண்டுகள் பிடித்தன.

ஆர்15 வைத்திருப்பவர்களிடம் கிளம்பும் சண்டை: முதல் வண்டியா, 2011-ல் வந்த இரண்டாம் வண்டியா? முதல் வண்டியின் வீல்பேஸ் 1,290. இரண்டாவதின் ஸ்விங் ஆர்மை அலுமினியத்தில் நீளமாகச் செய்ததால் 1,345. பின் டயர் 100 அளவிலிருந்து 130 அளவு ரேடியலாக அகலமானது. வேகத்தில், ஈரச் சாலையில், இருங்காட்டுக்கோட்டைப் பந்தயத் தடத்தின் வளைவுகளில் இரண்டாவதே உறுதி. புதுச்சேரிக்கு நான் முதல் வண்டியைத்தான் சொல்வேன். ஆர்எக்ஸைவிட ஐந்து சென்டிமீட்டர்தான் நீளம்; ஆனால் ஆர்எக்ஸுக்கு இல்லாத உறுதி அதில் உண்டு. நகரத்தில் நுழைந்து போகும், கிழக்குக் கடற்கரைச் சாலையிலும் தடம் மாறாது. பழைய வண்டிகளில் ஒன்றை மட்டும் வைத்துக்கொள் என்றால் அதைத்தான் வைத்துக்கொள்வேன். எஞ்சினின் வயதைவிட ஃபிரேமின் அறிவே அதிக நாள் உழைக்கும்.

நம் ஊர் புல்லட் கம்பெனிக்கும் இது புரிந்தது. 2013-ல் கான்டினென்டல் ஜிடி 535 செய்யும்போது, ஃபிரேமுக்காகப் பிரிட்டனின் ஹாரிஸ் பெர்ஃபாமன்ஸ் நிறுவனத்தை நாடினார்கள். 2015-ல் அந்த நிறுவனத்தையே வாங்கிவிட்டார்கள். எஞ்சினுக்குச் செலவழிக்கத் தயங்காத வாடிக்கையாளரும் இந்தப் பாடத்தைப் படிக்கலாம்.

கடல் காற்று செய்கிற காரியம்

இந்த ஒப்பீடெல்லாம் கம்பெனியிலிருந்து வந்த நிலையில் இருக்கும் வண்டிகளுக்கு. இன்றைக்குத் தெருவில் ஓடும் பழைய வண்டிகளில் எத்தனை அப்படி இருக்கின்றன?

கோட்டக்குப்பத்தில் எனக்கு வழக்கமான மெக்கானிக் பாய் ஒருவர் இருக்கிறார். அவரிடம் வரும் ஆர்எக்ஸ்களில் எஞ்சின் வேலைக்கு வருபவைதான் ஏராளம். “ஃபோர்க் குழாய்ல ஆயில் வழியுதேப்பா, மாத்திடலாமான்னு கேட்டா, அது ஓடட்டும் பாய், சைலன்சர மட்டும் மாத்துங்கன்னு போயிடறான் சார்” என்பார். குருசுக்குப்பம், வைத்திக்குப்பம் போலக் கடலை ஒட்டிய பகுதிகளில் இந்த வியாதி அதிகம். காரணம் எளிது. ஃபோர்க்கின் உள்குழாய் குரோம் பூசியது. இரவெல்லாம் உப்புக் காற்றில் நிற்கும் வண்டியில் அந்தக் குரோமில் ஊசிமுனை அளவுக்குத் துருப்புள்ளிகள் விழும். ஒவ்வொரு பள்ளத்திலும் அந்தப் புள்ளிகள் ரப்பர் சீலைச் சுரண்டும். சீல் கிழியும், எண்ணெய் கசியும், குறையும். எண்ணெய் குறைந்தால் ஸ்பிரிங் மட்டும் மிச்சம். அமுங்கத் தெரியும், அடங்கத் தெரியாது. யெஸ்டி போன்ற வண்டிகளில் ஃபோர்க்கை மூடும் ரப்பர் உறை இருந்தது. ஸ்போர்ட்ஸ் வண்டிகளில் அழகுக்காக அது போய்விட்டது. வாரம் ஒரு முறை எண்ணெய் தொட்ட துணியால் அந்தக் குழாயைத் துடைத்தால் சீலின் ஆயுள் கூடும். செலவில்லாத வேலை.

இரண்டாவது வியாதி ஸ்விங் ஆர்ம் புஷ். அது தேய்ந்தால் பின் சக்கரம் தன் இஷ்டத்துக்கு நெளியும். “பழைய ஆர்எக்ஸ் எண்பதுல ஆடும் சார்” என்று பலர் சொல்வது அந்த மாடலின் குணம் இல்லை. தேய்ந்த புஷ்ஷின் குணம். ஹேண்டில் கோன் செட்டில் பள்ளம் விழுந்த பல்சரை ஓட்டிவிட்டுப் பல்சர் திரும்பாது என்று சொல்வதும் அதே வகை. இணையத்திலும் டீக்கடையிலும் நடக்கும் ஒப்பீடுகளில் பெரும்பகுதி, ஒரு தேய்ந்த வண்டிக்கும் இன்னொரு தேயாத வண்டிக்கும் நடக்கிற போட்டி.

மூன்றாவது வியாதி நாமே தேடிக்கொள்வது. ஆர்எக்ஸின் ஒல்லி ரிம்மில் அகல டயர் மாட்டுகிறார்கள். ரிம் சிறியதால் டயர் இரண்டு பக்கமும் நசுங்கித் தன் வடிவத்தை இழக்கும். சக்கரத்தின் கனம் கூடும். அந்தக் கனத்தை அடக்கப் பழைய ஷாக்குக்கு வலு போதாது. கம்பெனி கொடுத்த சுறுசுறுப்பைக் காசு கொடுத்துத் தொலைப்பது இது. இன்னும் சிலர் ஃபிரேமை அறுத்து, வேறு வண்டியின் ஒற்றை ஷாக்கை வெல்டிங் வைத்துப் பொருத்துகிறார்கள். ஒற்றை ஷாக்கின் அழுத்தம் முழுக்க ஒரே புள்ளியில் இறங்கும். அதைத் தாங்க ஆர்15-ன் ஃபிரேமைப் பிறப்பிலேயே வலுப்படுத்தியிருக்கிறார்கள். ஆர்எக்ஸின் குழாய் ஃபிரேம் அதற்குப் பிறக்கவில்லை. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு இப்படிப்பட்ட மாற்றங்களைத் தடை செய்கிறது. சட்டம் தெரியாவிட்டாலும், பெட்ரோல் டேங்குக்குக் கீழே இருக்கும் வெல்டிங் விரிசல் விட்டால் என்ன ஆகும் என்று யோசித்தாலே போதும்.

டயர் விஷயத்தில் புதுச்சேரிக்காரர்களுக்கு மன்னிப்பே கிடையாது. நெட்டப்பாக்கம் கொம்யூனில் ஏரிப்பாக்கத்தில் எம்ஆர்எஃப் ஆலை வைத்திருக்கிற ஊர் நம்முடையது. டயரின் பக்கவாட்டில் நான்கு எண்கள் அச்சிட்டிருக்கும். 2318 என்றிருந்தால் 2018-ஆம் ஆண்டின் 23-வது வாரத்தில் செய்தது. பட்டன் தேயாமல் இருந்தாலும் ரப்பர் கல்லாகியிருக்கும். பழைய வண்டி வாங்கும்போது அந்த எண்ணைப் படித்துவிட்டுப் பேரம் பேசுங்கள்.

ஐந்து நிமிடச் சோதனை

தனியார் பைக்கின் பதிவு 15 ஆண்டுகளுக்குத்தான் செல்லும். பிறகு வண்டியைக் காட்டி, ஐந்தைந்து ஆண்டுகளாகப் புதுப்பிக்க வேண்டும். 2022 ஏப்ரல் முதல் அதன் கட்டணம் 300 ரூபாயிலிருந்து 1,000 ரூபாயாக உயர்ந்தது. 2008-ல் வாங்கிய முதல் ஆர்15-க்கு 2023-லேயே 15 வயது முடிந்துவிட்டது. கரிஸ்மாக்களும் முதல் பல்சர்களும் அதற்கு முன்பே முடித்துவிட்டன. ஒரு தலைமுறை ஸ்போர்ட்ஸ் பைக் முழுக்க இப்போது இந்த வரிசையில் நிற்கிறது. வாங்குகிற கட்டணத்துக்கு, விளக்கு, ஹாரன், புகையோடு இன்னும் மூன்று விஷயங்களையும் நாடு முழுவதும் கட்டாயமாகச் சோதிக்க வேண்டும் என்பது என் கோரிக்கை.

முன் பிரேக்கைப் பிடித்து ஹேண்டிலை அமுக்கி விடுங்கள்: ஒரு தரம் எழும்பி நின்றுவிட வேண்டும், மறுபடி துள்ளக் கூடாது. வண்டியை நடு ஸ்டாண்டில் போட்டு, முன் சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கி, ஹேண்டிலை இடமிருந்து வலம் மெல்லத் திருப்புங்கள்: நடுவில் எங்கும் பிடிக்கக் கூடாது. பின் சக்கரத்தைப் பக்கவாட்டில் ஆட்டுங்கள்: டக் டக் என்று சத்தம் வரக் கூடாது. இதற்குக் கருவி வேண்டாம், மின்சாரம் வேண்டாம், ஐந்து நிமிடம் போதும்.

அரசாணை வரும் வரை காத்திருக்கவும் தேவையில்லை. ஒவ்வொரு ஜனவரியிலும் சாலைப் பாதுகாப்பு மாதம் நடக்கிறது. ஹெல்மெட் துண்டறிக்கை கொடுக்கிறார்கள், பேரணி போகிறார்கள். அதே மாதத்தில் ஐடிஐ மாணவர்களை வைத்து, மாலையில் வண்டிகள் நுழையாத கடற்கரைச் சாலையின் முனையில் ஒரு பந்தல் போட்டு, 15 வயது தாண்டிய பைக்குகளுக்கு இந்த மூன்று சோதனையையும் இலவசமாகச் செய்துகொடுக்கலாம். மாணவர்களுக்குக் கைப்பழக்கம், ஊருக்குப் பாதுகாப்பு.

பையன்களுக்கு ஒரு வார்த்தை. சைலன்சருக்கும் ஸ்டிக்கருக்கும் ஒதுக்கிய பணத்தில் முதலில் ஃபோர்க் சீல், ஃபோர்க் எண்ணெய், ஸ்விங் ஆர்ம் புஷ், கம்பெனி சொன்ன அளவில் இரண்டு புது டயர் போடுங்கள். மிச்சம் இருந்தால் சத்தம் வாங்கிக்கொள்ளலாம்.